ஆடாத மேசையின் கணக்கு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டின் வடிவத்தைப் பற்றியும், கனமான சாவியைப் பற்றியும், சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் தொடங்கிவைத்ததாக ஊர் சொல்லும் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. யாரும் பேசாதது, பூட்டின் தகடுகளைப் பிடித்து நிறுத்தும் வைஸையும் அந்த வைஸைத் தாங்கும் மேசையையும் பற்றித்தான். கைவேலைப் பூட்டின் துல்லியத்தில் தொழிலாளியின் கைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதில் பெரும்பகுதி இந்த மேசைக்கும் உண்டு. வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைக்க ஆசைப்படுகிறவர்கள் கருவிகளுக்குக் கைநிறையச் செலவழித்துவிட்டு, மேசைக்கு மட்டும் பழைய சாப்பாட்டு மேசையை இழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நல்ல மேசைக்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். அது பிடிபட்டால், ஒரு தச்சரைத் துணைக்கு வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம்.

மேசையிடம் எவ்வளவு உறுதியை எதிர்பார்க்க வேண்டும் என்பதை லீவர் பூட்டே சொல்லிவிடும். பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இவைதான் லீவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. தாழிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளை, எல்லாத் தகடுகளின் வெட்டு வழியாகவும் ஒரே சமயத்தில் நுழைந்தால்தான் தாழ் நகரும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்குகின்றன. உயரம் குறைந்தாலும் முளை இடிக்கும், கூடினாலும் இடிக்கும். இந்த இருபக்கத் தடைக்கு 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை வாங்கினார். உலகத்தின் லீவர் பூட்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. திண்டுக்கல்லில் அதைக் கையால் செய்கிறார்கள்.

தொழிலாளி ஒரு தகட்டை வைஸின் வாயில் கடிக்கவிட்டு இறுக்குகிறார். தகட்டின் ஓரம் ஒரு நூல் அளவு மட்டும் வெளியே தெரிகிறது. அரத்தின் பிடியை வலது உள்ளங்கையில் ஊன்றி, நுனியை இடது கட்டைவிரலால் அழுத்தி, முன்னால் தள்ளி ராவுகிறார். திரும்பி வரும்போது அழுத்தத்தை விட்டுவிடுகிறார், ஏனென்றால் அரத்தின் பற்கள் முன்னோக்கித்தான் வெட்டும். இரண்டு தள்ளுக்கு ஒருமுறை தகட்டை எடுத்துச் சாவியோடு வைத்துப் பார்க்கிறார். மறுபடியும் கடிக்கவிட்டு ஒரே ஒரு தள்ளு. இங்கே சரிசெய்யப்படும் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே.

இப்போது மேசை ஆடுகிறது என்று வையுங்கள். அரத்தைத் தள்ளும்போது முதலில் மேசைதான் முன்னால் சாய்கிறது. அது சாய்ந்து முடிகிறவரை அரத்தின் பற்கள் சரியாகக் கடிப்பதில்லை. சாய்ந்து நின்றபிறகு வெட்டத் தொடங்குகிறது. கையை எடுத்ததும் மேசை பின்னால் வருகிறது. வைஸ் சாயும்போது தகட்டின் கோணமும் மாறுவதால், தட்டையாக வரவேண்டிய ஓரம் நடுவில் உப்பி இரண்டு பக்கமும் சரிந்துவிடுகிறது. ராவிய பரப்பில் அலை அலையாக வரிகள் விழுகின்றன. தொழிலாளி தன் கையைத்தான் சந்தேகப்படுவார். குற்றம் கையில் இல்லை.

உங்கள் மேசையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மேசையின் மேல் வையுங்கள். மேசையின் மூலையில் உள்ளங்கையை ஊன்றி, அரம் தள்ளுகிற வேகத்தில் பக்கவாட்டில் தள்ளுங்கள். தண்ணீர் தளும்பினால் அந்த மேசை பட்டறைக்கு ஆகாது. மேலே ஏறி நின்று பார்த்து "நல்ல ஸ்ட்ராங்காத்தானே இருக்கு" என்று சொல்கிறவர்கள் தப்பான சோதனையைச் செய்கிறார்கள். மரக்கால் நான்கும் சேர்ந்து செங்குத்தாக ஆயிரம் கிலோவைக்கூடத் தாங்கும். மரம் நெடுக்குவாட்டில் அழுத்தத்துக்கு அவ்வளவு வலுவானது. பட்டறை மேசையைக் கெடுப்பது பக்கவாட்டுத் தள்ளல்.

நான்கு காலும் ஒரு பலகையும் ஆணியால் அடித்த மேசையை முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு கால், மேலே பலகை, கீழே தரை, மொத்தத்தில் ஒரு செவ்வகம். செவ்வகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் பக்கங்களின் நீளம் கொஞ்சமும் மாறாமலே அது இணைகரமாகச் சாய்ந்துவிடும். எந்தச் சட்டமும் வளைய வேண்டியதில்லை, எதுவும் முறிய வேண்டியதில்லை, மூலைகள் மட்டும் திரும்பினால் போதும். ஆணியடித்த மூலை திரும்பத்தான் செய்யும். முக்கோணம் அப்படிச் சாயாது. மூன்று பக்கங்களின் நீளம் தீர்மானமாகிவிட்டால் கோணங்களும் தீர்மானமாகிவிடும். கோணம் மாற வேண்டுமானால் ஒரு சட்டம் நீள வேண்டும் அல்லது குறுக வேண்டும். மரச்சட்டத்தை நெடுக்காக இழுத்து நீட்டுவது லேசான காரியம் இல்லை. அதனால்தான் ரயில்வே பாலமும், மின்கோபுரமும், ஓட்டு வீட்டுக் கூரையின் சட்டமும் முக்கோணங்களால் ஆனவை.

ஆகவே மேசைக்கு முதல் மருந்து மூலைவிட்டச் சட்டம். பின்பக்கத்தில் ஒரு காலின் அடியிலிருந்து எதிர்க்காலின் தலைவரை ஒரு சட்டத்தைக் குறுக்காகப் போட்டு, போல்ட் வைத்து முடுக்கினால் நீளவாக்கில் ஆடுவது நின்றுவிடும். இரண்டு பக்கங்களிலும் அதேபோல் போட்டால் அகலவாக்கிலும் நிற்கும். முன்பக்கம் திறந்தே இருக்கலாம், உட்காருகிறவர் கால் நீட்ட இடம் வேண்டும். சட்டத்துக்குப் பதிலாகப் பின்பக்கம் முழுவதும் ஒரு பிளைவுட் பலகையை நெருக்கமாக ஸ்குரூ போட்டு அடைத்துவிட்டால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் சாயப் பார்த்தாலும் அந்தப் பலகைக்குள் ஒரு மூலைவிட்டம் இழுபட்டு நிற்கும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டே போதும். கட்டைக் கட்டையாக மரத்தைக் கூட்டுவதைவிட இந்த மெல்லிய பலகை அதிக வேலை செய்வது, முதன்முறை பார்க்கிறவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும்.

மூலைவிட்டமே இல்லாமல் நிற்கும் மேசைகளும் உண்டு. பிரான்சில் ஆந்த்ரே ரூபோ என்ற தச்சர் 1769 முதல் வெளியிட்ட தச்சுக்கலை நூலில் காட்டியிருக்கும் மேசை அப்படிப்பட்டது. மொத்தமான ஒற்றைப் பலகை, அதில் துளைத்து ஏற்றிய பருத்த கால்கள், கீழே சுற்றிலும் குறுக்குச் சட்டம். அதன் உறுதி முழுவதும் மூட்டில் இருக்கிறது. நம் தச்சர்கள் கழுந்தும் துளையும் என்று சொல்கிற மூட்டுதான் அதுவும். கழுந்தின் தோள் பரப்பு காலின்மேல் அகலமாக உட்காருவதால் மூலை திரும்ப முடியாது. தோள் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு. கழுந்து சற்று லூசாக இருந்தால் ஆப்பு இறக்கி முடுக்குவார்கள். கழுந்தும் மூலைவிட்டமும் இரண்டும் இருந்தால் அந்த மேசை பேரன் காலம்வரை நிற்கும். கழுந்து வெட்டத் தெரிந்த தச்சர் கிடைக்கவில்லையென்றால் மூலைவிட்டத்தை மட்டும் நம்புங்கள். ஆணியை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது மேல்பலகையின் தடிமன். பலகை எவ்வளவு வளையும் என்பது அதன் தடிமனைப் பொறுத்து மிக வேகமாக மாறுகிறது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. 2×2×2, அதாவது எட்டு மடங்கு ஆகிறது. 120 செ.மீ. இடைவெளியில் இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட 60 செ.மீ. அகலத் தேக்குப் பலகையின் நடுவில் 30 கிலோ விசையால் அழுத்தினால், 2.5 செ.மீ. தடிமன் பலகை ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் கீழே வளையும். 5 செ.மீ. தடிமன் பலகை 0.2 மில்லிமீட்டர்கூட வளையாது. மேலே சொன்ன பூட்டுத் தகட்டின் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், 5 செ.மீ. என்று நான் அடம்பிடிப்பதன் காரணம் விளங்கும். அதேபோல் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்கு கூடும். ஆகவே மேசை நீளமாக இருந்தால் நடுவில் இன்னொரு ஜோடிக் கால் வையுங்கள். வைஸை எப்போதும் ஒரு காலுக்கு நேர்மேலே பொருத்துங்கள். அங்கே பலகை வளைய இடமே இல்லை, விசை நேராகக் காலில் இறங்கித் தரைக்குப் போய்விடும். காலை மேசையின் முன்விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி வைப்பதும், வைஸை விளிம்பில் தொங்கவிடுவதும் கடைகளில் விற்கும் மேசைகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

இனி, தகட்டில் துளை போடும் பிரஸ். நெம்புகோல் பிடித்து இழுக்கும் கைப்பிரஸைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பயம் வரும். அந்தப் பிரஸ் பல நூறு கிலோ விசையைத் தருகிறதென்றால் மேசையும் பல நூறு கிலோவைத் தாங்க வேண்டாமா? வேண்டாம். காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் பலர் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை வீட்டு மேசையில் பிரஸ் பொருத்தி மறுபடி உருவேற்றுவார்கள். மேசை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பது அவர்களிடையே தீராத விவாதம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் அந்த வேலை நம் வீடுகளுக்கு வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் அந்தப் பிரஸின் விசைக் கணக்கு, தகட்டில் துளை போடும் எந்தக் கைப்பிரஸுக்கும் அப்படியே பொருந்தும்.

கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் தண்டு மேலே ஏறி, டை எனப்படும் அச்சில் போய் அழுத்துகிறது. கைப்பிடியின் நீளமும் உள்ளே மடங்கி நிமிரும் இணைப்புகளும் சேர்ந்து கையின் விசையைப் பல மடங்காகப் பெருக்குகின்றன. இணைப்பு நேர்கோட்டை நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் கிடுகிடுவென்று ஏறும். தண்டு டையை மேல்நோக்கி 300 கிலோ விசையால் தள்ளுகிறது என்றால், அதே 300 கிலோ தண்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது பிரஸின் வார்ப்பிரும்புச் சட்டம். மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒன்றையொன்று சமன்செய்து முடிந்துவிடுகின்றன. மேசைக்கு அதில் ஒரு கிலோகூட வந்து சேராது. வைஸும் அப்படியே. அதை எவ்வளவு முடுக்கினாலும் அந்த இறுக்கம் அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவில் முடிந்துபோகும்.

மேசைக்கு வந்து சேருவது உங்கள் கையின் விசை. அதுவும் எங்கே பிடித்து இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வளர்ந்து வரும். கைப்பிடியின் நுனி மேசை விளிம்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது, நீங்கள் 20 கிலோ விசையோடு கீழே இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். பிரஸ் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும், மேசையின் விளிம்பைத் திருகுபுள்ளியாகக் கொண்டு. விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே இருக்கும் போல்ட்கள் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். திருப்புத்திறன் சமமாக வேண்டுமென்றால் 20×40 = 10×80. போல்ட்களை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 80 கிலோ. ஒவ்வொரு இழுப்புக்கும் 80 கிலோ வந்து போகும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

மர ஸ்குரூ இந்த வேலைக்குத் தாங்காது. அதன் மரை மரநார்களைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, வந்து போகும் இழுப்பில் அந்த நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து துளை அகலமாகிவிடும். பலகையின் ஊடே போகும் போல்ட்தான் வேண்டும், அடியில் நட்டு. நட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் சின்ன வாஷர் மட்டும் போட்டால் அது மரத்துக்குள் அமுங்கும், மரம் நாருக்குக் குறுக்காக அழுத்தத்தை அதிகம் தாங்காது. பட்டறைக்காரர்கள் அடியில் ஒரு கைப்பிடி அகல இரும்புப் பட்டையைக் கொடுத்து, எல்லா போல்ட்களையும் அதன் வழியாகக் கீழே இறக்குவார்கள். பிடுங்கும் விசை அந்தப் பட்டையின் பரப்பு முழுவதும் பரவிவிடும். போல்ட்டை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி உள்ளே வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. 10 செ.மீ. தூரம் 20 ஆனால் 80 கிலோ 40 ஆகிவிடும்.

போல்ட் பிடித்துக்கொண்டாலும் மேசையே கவிழலாம். அதே 20 கிலோ இழுப்பு, முன்காலிலிருந்து 45 செ.மீ. தூரத்தில் என்றால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 20×45 = 900. மேசை 25 கிலோ எடை, அதன் ஈர்ப்புமையம் முன்காலிலிருந்து 25 செ.மீ. பின்னால் என்றால் எதிர்த்து நிற்கும் திருப்புத்திறன் 625. மேசை பின்காலைத் தூக்கிவிடும். 60 கிலோ மேசையென்றால் 1500, அசையாது. வழுக்குவதும் இப்படித்தான். சிமென்ட் தரையில் மரக்காலுக்கு உராய்வு எடையில் பாதி அளவுக்கு இருக்கும் என்று கொள்ளலாம். 15 கிலோ மேசையை 7 அல்லது 8 கிலோ தள்ளலே நகர்த்திவிடும், ராவும் கைக்கு அது சாதாரணம். 60 கிலோ மேசைக்கு 30 கிலோ வேண்டும். எடையைக் கூட்ட மரத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கீழ்த்தட்டு ஒன்று அடித்து, அதில் உடைந்த கடப்பாக்கல் துண்டுகளையோ மணல் மூட்டையையோ பின்பக்கமாக ஏற்றிவையுங்கள். பின்பக்கம் போகப்போக திருப்புத்திறன் கூடும். சொந்தச் சுவர் என்றால் மேசையின் பின்சட்டத்தை ஆங்கிள் வைத்துச் சுவரோடு பூட்டிவிடலாம். அதற்கு மேல் எந்தக் கணக்கும் தேவையில்லை.

ஃப்ளை பிரஸ் இவற்றிலிருந்து வேறு ரகம். மேலே நீண்ட கை, அதன் முனையில் கனமான இரும்புக் குண்டு, நடுவில் தடித்த திருகாணி. குண்டைப் பிடித்து வீசிச் சுற்றினால் திருகாணி இறங்கி, பன்ச் தகட்டில் அடித்துத் துளை போடும். துளையிடும் விசை இங்கேயும் சட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் சுழன்று வந்த குண்டு சட்டென்று நிற்கிறது அல்லவா, அதன் கோண உந்தம் எங்கோ போய்ச் சேர வேண்டும். திருகாணியின் மரை வழியாகச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து மேசைக்கு, மேசைக் காலிலிருந்து தரைக்கு. நிற்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு கடுமையாக மேசையைச் செங்குத்து அச்சில் முறுக்கும். நான்கு காலும் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளப் பார்க்கும். இதைப் பக்கச் சட்டங்கள் மட்டும் தடுக்காது, கீழ்த்தட்டும் மேல்பலகையும் சட்டங்களோடு இறுகிப் பிணைந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஃப்ளை பிரஸை ராவும் மேசையில் வைக்கவே கூடாது. அதற்குத் தனி இரும்பு ஸ்டாண்ட் செய்து தரையில் ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்துவதுதான் முறை. ஒருவர் துளை போடும்போது பக்கத்தில் இன்னொருவர் தகட்டை ராவிக்கொண்டிருந்தால் முதலாமவரின் ஒவ்வோர் அடியும் இரண்டாமவரின் தகட்டில் விழும்.

மரமா இரும்பா என்று கேட்பார்கள். எஃகின் விறைப்பு தேக்கைப்போல் 15 முதல் 20 மடங்கு. ஆனால் கடைகளில் கிடைக்கும் இரும்பு மேசை மெல்லிய சதுரக் குழாயால் ஆனது. அது தட்டினால் ஒலிக்கும். ஒலிக்கிறதென்றால் அதிர்வை உள்வாங்காமல் வெகுநேரம் வைத்திருக்கிறது என்று பொருள். மரத்தின் நார்கள் ஒவ்வோர் அதிர்விலும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிடும், ஆகவே மரத்தில் வைஸின் கிறீச்சல் சீக்கிரம் அடங்கும். இரும்பு ஆங்கிளால் சட்டம், 5 செ.மீ. மரத்தால் மேல்பலகை என்பது செலவுக்கும் உறுதிக்கும் ஒத்துவரும் ஏற்பாடு.

தேக்கு விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு தமிழகச் சமவெளியிலேயே மரம் இருக்கிறது. வண்டிச்சக்கரத்துக்கும் ஏருக்கும் பயன்பட்ட கருவேலம் தேக்கைவிட அடர்த்தியானது. புளியமரத்தின் வைரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் கறிக்கடைக் கட்டையைப் பார்த்தால் தெரியும். வேம்பும் வாகையும் மேல்பலகைக்கு ஏற்றவை. எல்லோரும் விறகுக்கும் கரிக்கும் வெட்டித் தள்ளும் சீமைக்கருவேலம், காய்ந்தபிறகு மிகக் குறைவாகவே சுருங்கும் கடினமான மரம். வளைந்து வளர்வதால் நீளப் பலகை கிடைக்காது, ஆனால் மேசைக்கால் அளவுக்கு நேரான துண்டு தேடினால் கிடைக்கும். எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாகப் பாருங்கள்.

காய்ந்த மரமும் சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் பல நாள் நின்றால், மரத்தின் ஈரம் அதன் எடையில் 16 சதவீதத்தை நோக்கிப் போகும். சித்திரை வெயிலில் காற்று 40 சதவீதத்துக்கு வறண்டால் மரம் 8 சதவீதத்தை நோக்கி இறங்கும். நீளத்தில் மாற்றம் தெரியாது, அகலத்தில் தெரியும். இந்த வேறுபாட்டுக்கு 60 செ.மீ. அகலத் தேக்குப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து 5 முதல் 9 மில்லிமீட்டர்வரை சுருங்க வேண்டும் என்கிறது கணக்கு. அதைச் சுருங்கவிடாமல் இரும்புச் சட்டத்தோடு இறுகப் பூட்டிவிட்டால் பலகை வெடிக்கும். ஆகவே சட்டத்தில் போடும் துளைகளை முன்வரிசையில் மட்டும் வட்டமாகவும், பின்வரிசையில் அகலவாக்கில் நீண்டதாகவும் போடச் சொல்லுங்கள். முன்விளிம்பு வைஸுக்கு அடியில் அசையாமல் நிற்கும், பின்விளிம்பு பருவத்துக்கு ஏற்ப நகர்ந்துகொள்ளும்.

மேசையின் உயரம் பலரும் கவனிக்காத விஷயம். ஐடிஐ ஃபிட்டர் வகுப்பில் முதலில் கற்றுத்தரும் விதிகளில் ஒன்று, வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. வைஸுக்குப் பக்கத்தில் நேராக நின்று, கையை மடக்கி, முஷ்டியை முகவாய்க்குக் கீழே வையுங்கள். முழங்கை தாடையின் மேல்பரப்பைத் தொட்டால் அது உங்கள் உயரம். இந்த உயரத்தில் முன்கை தரைக்கு இணையாக ஓடும், அரம் மேலும் கீழும் ஊசலாடாமல் தட்டையாகப் போகும். வைஸ் தாழ்ந்திருந்தால் முதுகு குனிந்து நாள் முழுக்க உடம்பின் மேல்பாதியைத் தாங்கும். உயர்ந்திருந்தால் தோள் தூக்கியே இருக்கும். ஒருவருக்குச் சரியான மேசை அவருடைய மகனுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலுக்கு அடியில் கட்டை கொடுத்தோ நிற்பவருக்குப் பலகை போட்டோ சரிசெய்யலாம்.

திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலாளர்களுக்கு 1957 முதல் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டோடு விலையில் போட்டியிட முடியாமல் கைவேலைப் பட்டறைகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. இளைஞர்கள் இந்த வேலைக்கு வராததற்குக் கூலி முதல் காரணம். முதுகுவலியும் தோள்வலியும் அடுத்த காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உதவித் திட்டம் போடுகிறவர்கள் மின் இயந்திரத்தையும் சந்தையையும் பேசும்போது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் முழங்கை அளவெடுத்து, மூலைவிட்டம் அடித்து, காலுக்கு நேர்மேலே வைஸ் பொருத்திய மேசை ஒன்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, ஊரில் இருக்கும் தச்சரும் வெல்டரும் போதும்.

வீட்டில் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் கட்டிய மேசையின் 5 செ.மீ. பலகை, சித்திரைக்குள் தடிமனிலும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மெலியும். போல்ட் மெலியாது. அதனால் எவ்வளவு இறுக்கியிருந்தாலும் நட்டு தளர்ந்திருக்கும். பங்குனி முடிவதற்குள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எல்லா நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.